பழி கெர்னலுக்கு, பிழை பயோஸுக்கு

மடிக்கணினியின் பக்கவாட்டுச் செருகுவாயில் நுழைக்கப்படும் விரிவாக்க அட்டை லினக்ஸிலோ பிஎஸ்டி குடும்ப இயங்குதளங்களிலோ வேலை செய்ய மறுக்கும்போது அதற்குச் சொல்லப்படும் விளக்கம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டதாகவே இருக்கிறது. அட்டை விண்டோஸில் வேலை செய்கிறது, லினக்ஸில் செய்யவில்லை, ஆகவே குறை லினக்ஸினுடையது என்பது அந்த விளக்கத்தின் முதற்பகுதி. கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் விருப்பச் சொற்களை, குறிப்பாக ‘ஏசிபிஐ=ஆஃப்’, ‘ஐஆர்கியூபோல்’ ஆகியவற்றை, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று பலித்துவிடும் என்பது இரண்டாம் பகுதி. எதுவும் பலிக்காவிட்டால் சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கருவியை வாங்கிக்கொள்ளலாம், அதுவும் ஒத்துவராவிட்டால் இயந்திரத்தையே கழித்துக்கட்டிவிடலாம் என்பது மூன்றாம் பகுதி.

இப்படிச் சொல்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. மடிக்கணினிப் பலகையின் மின்சுற்று வரைபடத்தை உற்பத்தியாளர்கள் பொதுவாகப் பயனருக்குத் தருவதில்லை. பழுது பார்ப்பவருக்கோ ஒரே இயந்திரத்தின்முன் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க நேரமில்லை. விருப்பச் சொற்களை மாற்றிப் பார்க்கும் குருட்டுமுறை சில சமயங்களில் உண்மையாகவே பலிக்கிறது. லினக்ஸ் இயக்கிகளில் பிழைகள் இருந்ததும் இருப்பதும் மறுக்கக்கூடியதல்ல. இவற்றோடு, இத்தகைய செருகுவாய்கள் உள்ள இயந்திரங்கள் பெரும்பாலும் 1995க்குப் பின்வந்த பதினைந்து ஆண்டுகளைச் சேர்ந்தவை என்பதால், அவற்றுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்வியும் இயல்பாக எழுகிறது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னும் அந்த முடிவு நிற்கவில்லை. இத்தகைய அட்டைகளை முடக்கும் குறுக்கீட்டு வழிப்படுத்தல் கோளாறு, அதாவது அட்டையின் சமிக்ஞை செயலியை அடையும் வழியில் நேரும் கோளாறு, அளந்து கண்டுபிடிக்கக்கூடியது. பெரும்பாலான நேரங்களில் அது இயங்குதளத்தின் பிழையாக இருப்பதில்லை, பலகையைப் பற்றி அந்தப் பலகையின் நிலைபொருளான பயோஸ் சொல்லும் தவறான தகவலாக இருக்கிறது. அதை மறைக்கும் வைத்தியங்கள் ஒவ்வொன்றும் வேறொரு கேட்டை உடன் அழைத்துவருகின்றன. பழனிமலைத் தொடரில் பண்ணைக்காட்டிலோ மன்னவனூரிலோ மழைமானி அளவுகளைச் சீரியல் போர்ட் வழியே பதிவுசெய்யும் ஒரு பண்ணையும், பழைய மடிக்கணினிகளை வைத்துப் பாடம் நடத்தும் ஒரு பள்ளியும், தொலைநோக்கியோடு அத்தகைய ஒன்றை இணைத்திருக்கும் ஒரு வானியல் ஆர்வலரும் மேற்சொன்ன விளக்கத்தை நம்பினால் என்ன இழப்பார்கள் என்பதை வைத்தே அந்த விளக்கத்தை எடைபோடுவது பொருத்தம். மாற்று உதிரிக்காகப் பழனிக்கோ வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கோ மலையிறங்க வேண்டியவர்களுக்கு ஒரு தவறான நோய்நாடலின் விலை, சமவெளி நகரத்தில் இருப்பவர்களைவிடக் கூடுதல்.

வாதத்துக்கு முன் பொறியமைப்பைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குறுக்கீடு என்பது ஒரு சாதனம் தன்னைக் கவனிக்குமாறு செயலிக்கு அனுப்பும் சமிக்ஞை. அது வந்து சேர்ந்தால்தான் செயலி கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு அந்தச் சாதனத்தின் இயக்கியை அழைக்கும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8259 என்னும் ஒரே சில்லு எட்டுக் கம்பிகளைக் கவனித்தது. 1984இல் வந்த ஏடி மாதிரியில் அத்தகைய இரண்டு சில்லுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, பயன்படுத்தத்தக்க பதினைந்து எண்கள் கிடைத்தன. அந்தப் பதினைந்தில் கடிகாரம், விசைப்பலகை, சீரியல் போர்ட்டுகள், நெகிழ்வட்டு, சுட்டி, வன்வட்டு ஆகியவை தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பின் 5, 9, 10, 11 போன்ற சில எண்களே மிஞ்சின. 1992இல் வந்த பிசிஐ பாட்டை (பஸ்) இந்தப் பற்றாக்குறைக்கு ஒரு வழி செய்தது: ஒவ்வொரு சாதனத்துக்கும் ஏ, பி, சி, டி என நான்கு குறுக்கீட்டு முனைகள் வரை இருக்கலாம், பல சாதனங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். இந்தப் பகிர்வு சாத்தியமாவதற்குக் காரணம், பழைய ஐஎஸ்ஏ முறையில் சமிக்ஞை மாறும் கணமே குறுக்கீடாக எண்ணப்பட, பிசிஐ முறையில் சமிக்ஞை தாழ்ந்திருக்கும் நேரம் முழுவதும் குறுக்கீடு நிலுவையில் இருப்பதாகக் கொள்ளப்படுவதுதான்.

மடிக்கணினியின் அட்டைச் செருகுவாய் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே அமைந்தது. 1990இல் வரையறுக்கப்பட்ட பிசிஎம்சிஐஏ அட்டைகள் 16 பிட் கொண்டவை, ஐஎஸ்ஏ முறையில் பேசுபவை. 1995இல் வந்த கார்ட்பஸ் அட்டைகள் 32 பிட் கொண்டவை, பிசிஐ முறையில் பேசுபவை. இரண்டும் ஒரே துளையில் நுழையும். நடுவில் உட்கார்ந்து இரண்டு மொழியையும் பேசுவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ரிகோ, ஓ2மைக்ரோ போன்றவை செய்த பாலச் சில்லு. அட்டை எழுப்பும் சமிக்ஞை அந்தச் சில்லின் முனையிலிருந்து பலகையின் செம்புத் தடம் வழியே தெற்குப் பாலம் எனப்படும் சில்லின் வழிப்படுத்தியை அடைந்து, அங்கேதான் ஓர் எண்ணாக மாறுகிறது. எந்த முனையிலிருந்து எந்தத் தடம் எங்கே போகிறது என்பதை மென்பொருளால் பார்க்க முடியாது. பலகையைச் செய்தவர் எழுதிவைத்த அட்டவணையை நம்பித்தான் இயங்குதளம் நடக்க வேண்டும். அந்த அட்டவணை பயோஸின் நினைவகப் பகுதியில் ‘பிர்’ என்ற அடையாளத்தோடு இருக்கும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ வரையறைக்குப் பிறகு, ‘பிஆர்டி’ என்ற வேறொரு வடிவிலும் இருக்கும். பட்டாவில் சர்வே எண்ணைத் தவறாக எழுதிவிட்டு, வரப்பை மீறினான் என்று உழுதவனைக் குற்றம் சாட்டுவதும், தவறான அட்டவணையைக் கொடுத்துவிட்டுக் கெர்னலைக் குற்றம் சாட்டுவதும் ஒன்றே.

1. விண்டோஸில் வேலை செய்வது எதற்குச் சான்று?

அந்த இயந்திரமும் அந்த விண்டோஸ் பதிப்பும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சோதிக்கப்பட்டவை என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸோடு விற்கப்பட்டவை. அதில் அட்டை எழுந்து வேலை செய்தால் அட்டவணையில் இருக்கும் தவறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, தவறு தெரிந்தால்கூடக் குறுவட்டில் வரும் இயக்கி அதைச் சரிக்கட்டிவிடும். ஏசிபிஐ நிரல் தன்னை இயக்குவது எந்த இயங்குதளம் என்று கேட்டு, விடைக்கு ஏற்பக் கிளை பிரியவும் வழியுண்டு; வரையறைப்படி இது குற்றமல்ல என்றாலும், விண்டோஸ் அல்லாத கிளையை ஒருவரும் சோதிக்காமல் விட்டுவிட்டால் அங்கே எதுவும் இருக்கலாம். இதன் விளைவாக லினக்ஸ் கெர்னல் இன்று அந்தக் கேள்விக்குத் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது. ஒரு மென்பொருள் தன் பெயரை மறைத்துக்கொண்டால்தான் நிலைபொருள் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்ற நிலையில், குறை யார் பக்கம் என்பது விளக்கம் வேண்டாதது.

கெர்னலின் மூலநிரலிலேயே இதற்குத் தடயங்கள் கிடக்கின்றன. கார்ட்பஸ் பாலங்களைக் கவனிக்கும் ‘யெண்டா’ இயக்கியில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லுகளுக்கென ஒரு தனிப்பகுதி உண்டு. சில்லின் பன்முனைப் பதிவகத்தை, அதாவது எந்தக் கால் எந்தச் சமிக்ஞையைச் சுமக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பதிவகத்தை, பயோஸ் சரியாக நிரப்பாமல் விட்டுவிட்டால், ஒரு குறுக்கீட்டை எழுப்பிப் பார்த்து, அது வந்து சேரவில்லை என்று கண்டால் வேறு அமைப்புக்கு மாற்றிப் பார்ப்பது அந்தப் பகுதியின் வேலை. பாலத்துக்குக் குறுக்கீட்டு எண்ணே ஒதுக்கப்படாதபோது அதே இயக்கி, கார்ட்பஸ் வசதியை நிறுத்திவிட்டதாக அறிவித்து, பயோஸ் அமைப்பையும் ஏசிபிஐ அமைப்பையும் பார்க்கச் சொல்கிறது. நிலைபொருள் பிழை என்று முன்னொட்டிட்டுச் செய்தி அச்சிடுவதற்கென்றே கெர்னலில் தனி வசதி இருக்கிறது. எப்போதோ ஒருமுறை நேரும் பிழைக்கு அப்படியொரு வசதி தேவைப்பட்டிருக்காது.

இந்த வாதத்தின் தர்க்கப் பிழை இன்னும் ஆழமானது. அட்டை, மடிக்கணினி, இயங்குதளம் என மூன்று காரணிகள் இருக்கையில், மூன்றாவதை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு அதன்மேல் பழி போடுவது பாதிச் சோதனை. அதே அட்டையையும் அதே கெர்னலையும் வேறொரு மடிக்கணினியில் வைத்து, அங்கே வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே சோதனை நிறைவடையும். முதல் மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டியை ஏற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் லினக்ஸின் ‘யெண்டா’வும் ஃப்ரீபிஎஸ்டியின் ‘சிபிபி’யும் தனித்தனியாக எழுதப்பட்ட இயக்கிகள். ஏசிபிஐ நிரலைப் படிக்கும் பகுதி மட்டும் இன்டெலிடமிருந்து வந்து இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் இந்தச் சாட்சியத்தில் ஓர் ஓட்டை இருப்பதை மறைக்கக் கூடாது; அதை அடைக்க ஓபன்பிஎஸ்டி இருக்கிறது, அது அந்தப் பகுதியையும் தானே எழுதிக்கொண்டது. மூன்றும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், தரைதான் பள்ளம்.

தமிழ்நாட்டில் இந்தப் பாதிச் சோதனைக்கு ஒரு பொது விளைவும் உண்டு. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் ஏற்றிக் கொடுக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் லினக்ஸ் என்றால் வன்பொருளோடு ஒத்துப்போகாதது என்ற பெயர் மாறாததற்கு, நிலைபொருளின் பிழைகளை எல்லாம் இயங்குதளத்தின் கணக்கில் எழுதும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

2. கண்டுபிடிக்க முடியாது என்பது யார் சோதித்துப் பார்த்துச் சொன்னது?

குறுக்கீட்டுக் கோளாறு பலகை வடிவமைப்பாளருக்கு மட்டுமே விளங்கும் ரகசியம் என்ற எண்ணம்தான் குருட்டு வைத்தியத்துக்கு வழிவிடுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் குறுக்கீடுகளை எண்ணி வைக்கின்றன என்பதும், அந்த எண்ணிக்கையை யாரும் படிக்கலாம் என்பதும் அந்த எண்ணத்தை உடைக்கப் போதுமானவை. லினக்ஸில் ‘புராக்’ அடைவின் ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பும், ஃப்ரீபிஎஸ்டியில் ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையும் ஒவ்வொரு குறுக்கீட்டு எண்ணிலும் இதுவரை எத்தனை சமிக்ஞைகள் வந்தன, அந்த எண்ணை எந்த இயக்கி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று காட்டுகின்றன. அட்டையைச் செருகி, அதை ஏதாவது வேலை செய்ய வைத்து, முன்னும் பின்னும் இந்த எண்ணிக்கையைப் பார்த்தால் கோளாறு ஐந்து வகைகளில் எது என்பது பெரும்பாலும் பிரிந்துவிடும்.

பாலச் சில்லுக்கு எண்ணே கிடைக்கவில்லை என்றால், அட்டவணையில் அதற்கு வரியில்லை, அல்லது வரியிருந்தும் பயோஸ் அதைச் செயல்படுத்தவில்லை. பயோஸ் அமைப்பில் ‘பிளக் அண்ட் ப்ளே இயங்குதளம்’ என்ற தேர்வு ஆம் என்று இருந்தால், தொடக்கத்துக்குத் தேவையற்ற சாதனங்களை நிலைபொருள் தொடாமலே விட்டுவிடும் என்பதால், அதை இல்லை என்று மாற்றுவது முதல் வேலை. எண் கிடைத்தும், அட்டை இயங்கும்போது எண்ணிக்கை அசையவில்லை என்றால், சமிக்ஞை வழியில் தொலைகிறது. பாலத்தின் பன்முனைப் பதிவகமே முதல் சந்தேகம். அட்டைக்கென்று ஒதுக்கிய எண் அசையாமல் இன்னொரு எண் அசைகிறது என்றால், அட்டவணை பொய் சொல்கிறது என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் ஓர் இணைப்புக்கான எண்ணைத் தொடக்கக் கோப்பிலேயே எழுதிக்கொடுக்க வழி இருக்கிறது, லினக்ஸில் ஏசிபிஐ அட்டவணையை விட்டுப் பழைய ‘பிர்’ அட்டவணையைப் படிக்கச் சொல்லலாம். எண்ணிக்கை கண்மூடித்தனமாக ஏறி, அந்தக் குறுக்கீட்டை யாரும் கவனிக்கவில்லை என்ற செய்தியோடு கெர்னல் அந்த எண்ணையே முடக்கிவிட்டால், இயக்கி ஏற்றப்படாத ஏதோ ஒரு சாதனம் கம்பியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு லட்சம் குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் உரிமை கோரப்படாதபோதுதான் லினக்ஸ் இந்த முடிவுக்கு வருகிறது என்பதால், அது அவசரத் தீர்ப்பு அல்ல.

ஐந்தாவது வகைதான் மிகவும் புறக்கணிக்கப்படுவது. எண்ணிக்கை ஒழுங்காக ஏறுகிறது, அட்டை மட்டும் வேலை செய்யவில்லை. அப்படியானால் அது குறுக்கீட்டுக் கோளாறே அல்ல. பாலத்துக்கு அப்பாலுள்ள பாட்டைக்கு பயோஸ் எண் கொடுக்காமல் விட்டிருக்கலாம், நினைவகச் சாளரம் ஒதுக்கப்படாமல் இருக்கலாம், அட்டைக்கு ஏற்ற வேண்டிய நிரல்கோப்பு வன்வட்டில் இல்லாமல் இருக்கலாம். இங்கே வழிப்படுத்தல் விருப்பங்களை மாற்றிக்கொண்டிருப்பது, வராத நோய்க்கு மருந்து.

செருகுவாயும் ஒரு குறிப்பைத் தருகிறது. 16 பிட் மோடம் அட்டை வேலை செய்து, அதே துளையில் 32 பிட் வலையமைப்பு அட்டை வேலை செய்யாவிட்டால், ஐஎஸ்ஏ பக்கம் நலமாகவும் பிசிஐ பக்கம் உடைந்தும் இருக்கிறது என்று ஊகிக்கலாம். மறுபுறம், பெரிய உண்மையைச் சொல்வதாகத் தோன்றி ஏமாற்றும் குறிப்பு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பிசிஐ சாதனத்தின் அமைவுப் பகுதியிலும் பதினாறடி எண்முறையில் 3சி என்ற இடத்தில் குறுக்கீட்டு எண் எழுதப்பட்டிருக்கும்; அதை மாற்றி எழுதினால் குறுக்கீடு அந்த எண்ணுக்கு நகர்ந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த இடம் பயோஸ் இயங்குதளத்துக்கு விட்டுச்செல்லும் குறிப்புச் சீட்டு மட்டுமே. எந்தக் கம்பியும் அதைப் பார்த்து நடப்பதில்லை. உண்மையான வழி தெற்குப் பாலத்தின் வழிப்படுத்திப் பதிவகங்களில், இன்டெலின் பிஐஐஎக்ஸ்4 சில்லென்றால் 60 முதல் 63 வரையுள்ள இடங்களில், இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற இந்த ஒழுங்கு கொடைக்கானலுக்குப் புதிதல்ல. 1909இல் அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதைக் கண்டபோது, அது வாயுவின் ஓட்டமா வேறு காரணமா என்று பிரித்தறிய, நிறமாலைமானியின் பிளவு புள்ளியின்மேல் எந்தத் திசையில் கிடக்கிறது, புள்ளி சூரிய வட்டின் மையத்தில் இருக்கிறதா விளிம்பருகே இருக்கிறதா என்பவற்றோடு பெயர்ச்சி எப்படி மாறுகிறது என்றுதான் பார்த்தார். புள்ளியிலிருந்து ஆரத்திசையில் வெளிநோக்கிப் பாயும் ஓட்டம் என்ற, இன்று அவர் பெயரால் வழங்கும் விளைவு அப்படித்தான் நிறுவப்பட்டது. நிறமாலைமானிக்குப் பொருந்திய முறை மடிக்கணினிக்கு மட்டும் பெரிய விஷயமாகிவிடுமா?

3. ஏசிபிஐயை அணைப்பது எதையெல்லாம் அணைக்கிறது?

‘ஏசிபிஐ=ஆஃப்’ கொடுத்ததும் அட்டை உயிர்பெற்றது என்பது மெய்யாகவே நடப்பதுதான்; ஏசிபிஐ அட்டவணை தவறாக இருந்து, பழைய ‘பிர்’ அட்டவணை சரியாக இருக்கும் இயந்திரங்களில் அப்படித்தான் நடக்கும். ஆனால் ஏசிபிஐ குறுக்கீட்டு அட்டவணையை மட்டும் சுமப்பதில்லை. மின்கலத்தில் எவ்வளவு மிச்சம், விசிறி எப்போது சுழல வேண்டும், செயலி எந்த வெப்பநிலையில் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்பவையும் அதன் பொறுப்பு. இரண்டு உட்கரு கொண்ட செயலிகள் வந்த பின், இரண்டாம் உட்கருவைக் கண்டுபிடிக்கவும் பல மடிக்கணினிகளில் ஏசிபிஐயைத் தவிர வேறு வழியில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் சொல்லாமல் போகும் மலையூரில் மின்கல அளவைக் காட்டாத மடிக்கணினி எந்த நொடியிலும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்போடு அணைந்துபோகும். கொடைக்கானலின் குளிர் விசிறியின் குறையை ஓரளவு ஈடுகட்டும் என்பது ஒரு சிறு ஆறுதல். பழனி அடிவாரத்துச் சித்திரை வெயிலில் அதுவும் இல்லை. குறுக்கீட்டு வழிப்படுத்தலை மட்டும் ஏசிபிஐயிடமிருந்து எடுத்துவிடும் ‘ஏசிபிஐ=நோஐஆர்கியூ’ போன்ற குறுகிய விருப்பங்கள் இருக்கும்போது, முழுவதையும் அணைக்கும் விருப்பம் முதல் அறிவுரையாகச் சொல்லப்படுவதற்கு, அது நினைவில் வைக்க எளிது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

4. தேடிப்பார்ப்பது குறுக்கீட்டுக்கு ஈடாகுமா?

‘ஐஆர்கியூபோல்’ விருப்பம், உரிமை கோரப்படாத குறுக்கீடு வந்தால் பதிவாகியுள்ள இயக்கிகளை எல்லாம் அழைத்து உன்னுடையதா என்று கேட்கவும், கடிகாரத் துடிப்பின்போதும் அவ்வாறே சுற்றிவரவும் கெர்னலைப் பணிக்கிறது. துடிப்பு நொடிக்கு 100 என்று அமைந்த கெர்னலில் இரண்டு சுற்றுகளுக்கு இடையே 10 மில்லிநொடியும், 250 என்று அமைந்ததில் 4 மில்லிநொடியும் கடக்கும். சீரியல் அட்டைகளில் வழக்கமாக இருக்கும் 16550 சில்லின் வரிசையகம் 16 பைட் கொள்ளும். நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் வரும் தரவு அதை ஏறத்தாழ 1.4 மில்லிநொடியில் நிரப்பிவிடும். குறுக்கீடு தொலைந்து, துடிப்பை மட்டும் நம்பியிருக்கும் இயந்திரத்தில் மிச்சத் தரவு எங்கே போனது என்று யாரும் சொல்லப்போவதில்லை. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் பேசும் மழைமானிக்கு 10 மில்லிநொடியில் பத்து பைட்டுக்கும் குறைவாகவே வரும் என்பதால் தப்பித்துக்கொள்ளும், வைத்தியம் பலித்துவிட்டது என்ற பெயரும் கிடைத்துவிடும். வேகம் கூடிய கருவியை மாட்டும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

நேரத்தை அளப்பவருக்கு இழப்பு இன்னும் பெரிது. ஜிபிஎஸ் கருவி நொடிக்கு ஒருமுறை அனுப்பும் துடிப்பைச் சீரியல் போர்ட்டின் ஒரு முனையில் கொடுத்து, அது எழுப்பும் குறுக்கீட்டைக் கொண்டு கணினிக் கடிகாரத்தைத் திருத்துவது, நிலா ஒரு விண்மீனை மறைக்கும் கணத்தைப் பதிவுசெய்யும் ஆர்வலர்களுக்குக் கைவந்த முறை. குறுக்கீடு நேராக வந்தால் மைக்ரோநொடிகளின் அளவில் இருக்கும் பிழை, தேடிப்பார்த்தால் மில்லிநொடிகளுக்கு ஏறுகிறது. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பதிவும் நடந்துகொண்டுதான் இருக்கும். அதில் எழுதப்படும் நேரம்தான் தவறு. வேலை செய்யாத அட்டையைவிட இப்படி வேலை செய்யும் அட்டை ஆபத்தானது.

5. யுஎஸ்பி வாங்கினால் தீர்ந்ததா?

வலையமைப்புக்கு மட்டும் அட்டை தேவைப்பட்டவருக்குப் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதை மறுப்பது வீண் பிடிவாதம். ஆனால் யுஎஸ்பி கட்டுப்படுத்தியும் ஒரு பிசிஐ சாதனமே, அதற்கும் ஒரு குறுக்கீட்டு எண் வேண்டும், அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் கார்ட்பஸ் பாலம், யுஎஸ்பி, ஒலி, திரை எல்லாம் 11 என்ற ஒரே எண்ணில் அடுக்கப்பட்டிருக்கும் என்பதை இந்த அறிவுரை மறந்துவிடுகிறது. பாலத்தின் கோளாறால் கெர்னல் 11ஆம் எண்ணை முடக்கும்போது, புதிதாக வாங்கிய யுஎஸ்பி கருவியும் கூடவே சாகும். அது சாகும் இயந்திரத்தில், லினக்ஸுக்கு யுஎஸ்பியும் ஒத்துவராது என்ற அடுத்த தீர்ப்பு தயாராகிவிடுகிறது. நேரத் துடிப்பைப் பொறுத்தவரை, முழுவேக யுஎஸ்பி ஒரு மில்லிநொடிச் சட்டகங்களில் இயங்குவதால், சீரியல் அட்டையின் இடத்தை அது நிரப்புவதில்லை.

6. கழித்துக்கட்டுவது யாருக்குச் செலவில்லாதது?

இயந்திரம் பழையது, அதன் விலை பூச்சியம், ஆகவே அதைத் தூக்கிப்போடுவதில் இழப்பில்லை என்ற கணக்கு, தூக்கிப்போடும் இடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. கார்ட்பஸ் காலத்து மடிக்கணினிகளின் திரைக்குப் பின்னால் ஒளி தருவது பெரும்பாலும் குளிர்முனை ஒளிர்குழல். அதனுள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. ஒரு குழலை வைத்துக்கொண்டு பெரும் கேடு என்று கூச்சலிடுவது மிகை. ஆயினும் பாதரசமும் காயலான் கடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்து அறிந்த ஊர் கொடைக்கானல். அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் பழைய பொருள் கடை ஒன்றில் டன் கணக்கில் கிடந்தது தெரியவந்து, 2001 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மிச்சம் மண்ணிலும் பாம்பார் சோலையிலும் தங்கியதைப் பற்றிய வழக்கும் தூய்மைப் பணியும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. மின்னணுக் கழிவுக்கான நடுவண் அரசு விதிகள் 2012 மே முதல் நடைமுறையில் உள்ளன என்றாலும், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒற்றை மடிக்கணினியைக் கொண்டுசேர்க்க மலையிலிருப்பவர் எவ்வளவு தொலைவு போக வேண்டும் என்பதை அந்த விதிகள் குறைக்கவில்லை. பயோஸில் தவறாக எழுதப்பட்ட ஒரு பைட்டுக்காக அந்த இயந்திரம் அங்கே போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. இரண்டு முறை குறுக்கீட்டு எண்ணிக்கையைப் பார்த்து எழுதிக்கொள்ளும் நேரம்கூட அதற்குக் கொடுக்கப்படுவதில்லை.

7. இது முடிந்துபோன காலத்தின் சிக்கலா?

எக்ஸ்பிரஸ் கார்டும் அதன்பின் தண்டர்போல்ட்டும் வந்த பிறகு குறுக்கீடு கம்பியில் வருவது குறைந்து, நினைவக முகவரி ஒன்றில் எழுதப்படும் செய்தியாக மாறிவிட்டது உண்மை. 1998இன் பிசிஐ 2.2 வரையறை தொடங்கிவைத்த அந்த முறையில் நான்கு முனைகளும் வழிப்படுத்திப் பதிவகங்களும் பெரும்பாலும் தேவையற்றுப்போகின்றன. ஆனால் தண்டர்போல்ட் வழியே வெளியே மாட்டப்படும் வரைகலை அட்டைக்குப் பாட்டை எண்களையும் நினைவகச் சாளரங்களையும் முன்கூட்டி ஒதுக்குவது பல இயந்திரங்களில் இன்றும் நிலைபொருள்தான். போதாமல் ஒதுக்கினால், செருகிய சாதனம் பட்டியலில் தெரிந்தும் வேலை செய்யாது. அப்போதும் விண்டோஸில் வேலை செய்கிறதே என்றுதான் சொல்லப்படுகிறது, அப்போதும் முதல் அறிவுரை ஏதோ ஒன்றை அணைத்துப் பார்க்கச் சொல்வதாகவே இருக்கிறது.